அலர்ஜி ஆய்விலும் சிகிச்சையிலும் மின்னணு மருத்துவப் பதிவுகள்: முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையின் மின்னணுப் பதிவுகள் கைக்கு வந்ததும் புதிதாக வருபவர் முதலில் செய்வது குவெரி, அதாவது பதிவுகளிலிருந்து தகவலைத் தேடியெடுக்கும் கட்டளை, எழுதுவதுதான். பத்து நிமிடத்தில் ஒரு எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பி ஆறு மாதம் உழைத்துவிட்டு, கடைசியில் பத்துப் பேரின் குறிப்புகளைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

இந்த வேலையில் மென்பொருளைவிட வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். நீங்கள் மருத்துவரோ, மருந்தாளுநரோ, டேட்டா பார்ப்பவரோ, ஆய்வு மாணவரோ, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். குவெரி நான்காவது படிக்கு முன்னால் வேண்டாம்.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி. எந்தெந்தத் தகவல்கள் வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். நோய்க் குறியீடு, மருந்து, லேப் என்று எழுதிப் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரும் நர்ஸும் தட்டச்சு செய்யும் குறிப்புகளையும் அந்த முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அலர்ஜியில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு கேட்டால் திருத்த அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தேதியைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். அடையாளம் தெரியாமல் இருக்க, ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு முன்னேயோ பின்னேயோ நகர்த்திக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். இரண்டு வருகைகளுக்கு இடையே எத்தனை நாள் என்பது மாறாது. ஆனால் பருவம் போய்விடும். மகரந்தத்தால் வரும் மூக்கு ஒழுகலை ஆராய்பவருக்கு அந்த டேட்டா எதற்கும் உதவாது. உண்மையான மாதமாவது வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் ஆட்கள். வாரம் அரை மணி நேரம் ஒதுக்கும் அலர்ஜி மருத்துவர் ஒருவர், எந்தத் தகவல் எந்த அட்டவணையில் விழுகிறது என்று தெரிந்த ஒருவர், தினமும் பதிவு செய்யும் நர்ஸ் ஒருவர். இதில் மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கடைசியாக, மருத்துவமனை மென்பொருள் எந்தத் தேதியில் மாறியது என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுவந்தபோது, பல அலர்ஜிகளின் பதிவுத் தேதி அந்த ஒரே நாளாக மாறியிருக்கும். தெரியாமல் படம் வரைந்தால், ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோருக்கு அலர்ஜி வந்ததுபோலத் தெரியும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எத்தனை பேருக்குப் பென்சிலின் அலர்ஜி இருக்கிறது?" என்பது நல்ல கேள்விபோலத் தெரியும். பதிவால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "எத்தனை பேருக்குப் பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டிருக்கிறது?" என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 10 சதவீத நோயாளிகள் இந்தக் குறிப்போடு இருக்கிறார்கள். ஆனால் முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மருந்தைத் தாங்குகிறார்கள்.

அதனால் உங்களுக்கு வேண்டியது பட்டியலில் இருக்கும் குறிப்பா, ரத்தத்திலோ தோலிலோ தெரியும் உணர்திறனா, சாப்பிட்டால் உண்மையிலேயே வரும் அலர்ஜியா என்பதை முதலில் தீர்மானியுங்கள். மூன்றும் வேறு வேறு.

எதற்காக என்பதையும் அதே வாக்கியத்தில் சேருங்கள். தவறான குறிப்புகளை நீக்கும் கிளினிக்குக்கு ஆள் தேடுகிறீர்கள் என்றால் வலையை அகலமாக வீசலாம், தவறாக வந்தவரை நேரில் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம். மரபணு ஆய்வுக்கு என்றால் நூறு பேர் குறைந்தாலும் பரவாயில்லை, உள்ளே வருபவர் உண்மையான நோயாளியாக இருக்க வேண்டும். இது தெளிவாகாமல் ஐந்தாவது படியில் விதி எழுத முடியாது.

3. பதிவு எப்படிப் பிறக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்

இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். பதிவு மேசையில் நர்ஸ் பக்கத்தில் உட்காருங்கள்.

நான் உட்கார்ந்த நாளில் கண்டது இது. "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று நர்ஸ் கேட்டார். "சின்ன வயசுல ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்றார் வந்தவர். "பென்சிலினா இருக்குமோ?" "இருக்கும்." நர்ஸ் மூன்று எழுத்துகளைத் தட்டினார், பட்டியலில் முதலில் வந்ததை அழுத்தினார். எதிர்வினை என்ன என்ற கட்டம் கட்டாயம் நிரப்ப வேண்டியது. அதில் 'தெரியவில்லை' பட்டியலின் அடியில் இருந்தது, உயிருக்கே ஆபத்தான கடும் எதிர்வினையைக் குறிக்கும் 'அனாபிலாக்சிஸ்' மேலேயே இருந்தது. வரிசையில் இன்னும் ஏழு பேர் நின்றார்கள். எது அழுத்தப்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நர்ஸைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் செய்தது நோயாளியைப் பாதுகாக்கும் வேலை, ஆய்வுக்கு டேட்டா சேர்ப்பது அவர் வேலை இல்லை. அன்று குறித்துக்கொண்ட நான்கு விஷயங்களை எல்லா இடத்திலும் பார்க்கச் சொல்வேன்: எந்தக் கட்டங்கள் கட்டாயம், பட்டியல்களில் எது முதலில் வருகிறது, பட்டியலில் இல்லாத பொருளை எங்கே எழுதுகிறார்கள், 'அலர்ஜி எதுவும் இல்லை' என்று பதிய எத்தனை முறை அழுத்த வேண்டும்.

4. அலர்ஜிப் பட்டியலைப் பிரித்து எடுங்கள்

இப்போது குவெரி எழுதலாம். ஆனால் எண்ணுவதற்கு இல்லை, படிப்பதற்கு. ஐந்நூறு வரிகளை எடுத்துக் கண்ணால் பாருங்கள்.

அலர்ஜிப் பதிவுக்கு, மருத்துவத் தகவலைக் கணினிகளுக்கிடையே பரிமாற விதிகள் வகுக்கும் எச்எல்7 அமைப்பின் எஃப்எச்ஐஆர் தரநிலையில் ஒரு தனி வடிவம் இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதைப் பின்பற்றாவிட்டாலும், சுத்தம் செய்யும்போது அந்த வடிவத்தையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். பொருள் என்ன, அது அலர்ஜியா ஒவ்வாத பக்கவிளைவா, உணவா மருந்தா சூழலா, உறுதியானதா இல்லையா, என்ன எதிர்வினை, எவ்வளவு கடுமை, கடைசியாக எப்போது வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் உண்டு.

இரண்டு கட்டங்களில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒன்று கடுமை. அன்று வந்த எதிர்வினை எவ்வளவு மோசம் என்பது ஒரு கட்டம், அடுத்த முறை எவ்வளவு ஆபத்தாகலாம் என்ற மதிப்பீடு இன்னொரு கட்டம். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மற்றொன்று உறுதிநிலை. 'மறுக்கப்பட்டது', 'தவறாகப் பதிந்தது' என்று குறித்த வரிகளும் அட்டவணையிலேயே இருக்கும். அவற்றை வடிகட்ட மறந்தால், சோதித்து அலர்ஜி இல்லை என்று நிரூபித்தவரையே அலர்ஜிக்காரராக எண்ணுவீர்கள்.

வெற்றுக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'மருந்து அலர்ஜி எதுவும் இல்லை' என்று பதிந்தவர் வேறு, கட்டம் காலியாக இருப்பவர் வேறு. காலி என்றால் யாரும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் பதியவில்லை என்று அர்த்தம். அவரை அலர்ஜி இல்லாதவர் பக்கம் தள்ளினால் ஒப்பீட்டுக் குழுவே கெட்டுப்போகும்.

அடுத்து பெயர்கள். ஒரே மருந்து ஐந்து எழுத்துக்கூட்டில் இருக்கும், அவற்றைச் சேர்ப்பது சுலபம். ஒரே சொல் ஐந்து பொருளில் இருப்பதுதான் தொல்லை. 'சல்ஃபா' என்று எழுதியிருந்தால் அது சல்ஃபோனமைடு ஆன்டிபயாடிக்காக இருக்கலாம், சல்ஃபைட்டாக இருக்கலாம், வேதியியலில் தொடர்பே இல்லாத சல்ஃபேட்டாகக்கூட இருக்கலாம். 'நட்ஸ்' என்றால் வேர்க்கடலையா முந்திரியா? வேர்க்கடலை பருப்பு வகைத் தாவரம், முந்திரி மரக்கொட்டை. தெரியாததை ஊகிக்காமல் 'தெளிவில்லை' என்று தனிப் பெட்டியில் போடுங்கள்.

அதன்பின் எதிர்வினையைப் பார்த்து வகை பிரியுங்கள். கோடீன் சாப்பிட்டால் குமட்டல் என்பது பக்கவிளைவு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஏசிஇ தடுப்பு மாத்திரையால் வறட்டு இருமல் என்பதும் பக்கவிளைவுதான். ஆனால் அதே மாத்திரையால் உதடும் நாக்கும் வீங்கினால் கதை வேறு. ஹிஸ்டமின் (அலர்ஜியில் உடல் வெளிவிடும் பொருள்) வழியாக வராவிட்டாலும் அந்த வீக்கம் உயிருக்கு ஆபத்து, அந்த மருந்தைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஆக, 'உண்மையான அலர்ஜி இல்லை' என்று தள்ளும் பெட்டிக்குள் இது விழுந்துவிடக் கூடாது. புதியவர்கள் எழுதும் விதிகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்தான தவறு இதுதான்.

'அயோடின் அலர்ஜி' என்ற வரிகளும் வரும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஸ்கேன் சாயமும் ஆகாது என்று யாரோ எழுதிவைத்தவை அவற்றில் நிறைய. ஓட்டுமீன் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள்.

பட்டியலில் தேர்ந்தெடுக்காமல் சொந்த வார்த்தையில் தட்டிய வரிகளைக் குப்பை என்று தூக்கி எறியாதீர்கள். அறுவைச் சிகிச்சையின்போது அனாபிலாக்சிஸ் வரவைக்கும் குளோர்ஹெக்ஸிடின் போன்றவை மருந்துப் பட்டியலில் கிடைக்காமல் இங்கேதான் ஒதுங்கியிருக்கும். எழுத்தாக மட்டும் இருப்பதால் கணினி எச்சரிக்கையும் தராது. இதைக் கண்டால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல், பொறுப்பான மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அதற்கான வழியை அனுமதி வாங்கும்போதே பேசி வைத்திருக்க வேண்டும்.

5. நோய்க் குறியீட்டை மட்டும் நம்பாமல் விதி எழுதுங்கள்

அனாபிலாக்சிஸை எடுத்துக்கொள்வோம். ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் உணவால் வந்தால் டி78.0 (T78.0), காரணம் தெரியாவிட்டால் டி78.2, சரியாகக் கொடுத்த மருந்தால் வந்தால் டி88.6. மூன்றையும் எடுத்தால் முடிந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. அவசரப் பிரிவில் வந்த உண்மையான அனாபிலாக்சிஸ் எல்50 என்ற தடிப்புக் குறியீட்டிலோ, டி78.4 என்ற பொத்தாம்பொதுவான அலர்ஜிக் குறியீட்டிலோ போய் ஒளிந்திருக்கும். மறுபக்கம், இரண்டு வருடத்துக்கு முன் வந்ததைப் பற்றிப் பேச கிளினிக்குக்கு வந்தவருக்கும் டி78.0 விழுந்திருக்கும்.

அதனால் குறியீட்டோடு வருகை வகை, மருந்து, அறிகுறி மூன்றையும் சேர்த்து விதி எழுதுங்கள். அவசரப் பிரிவு அல்லது உள்நோயாளி வருகை, சில மணி நேரத்துக்குள் தசையில் போட்ட அட்ரினலின், தோல், மூச்சு, ரத்த அழுத்தம், வயிறு இவற்றில் இரண்டிலாவது அறிகுறி என்று தொடங்கலாம்.

அட்ரினலினில் நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். முதல் முறை 'அட்ரினலின் கொடுத்தவர் எல்லாம்' என்று எடுத்தேன். பட்டியலைத் திறந்தால் மாரடைப்பில் இதயம் நின்றவர்கள், குரல்வளை வீங்கி நெபுலைசர் வைத்த குழந்தைகள், தையல் போட மரத்துப்போகும் ஊசியோடு கலந்து வாங்கியவர்கள். எந்த வழியில், எவ்வளவு என்று பார்த்திருந்தால் தப்பியிருப்பேன். அனாபிலாக்சிஸுக்குத் தசையில் கிலோவுக்கு 0.01 மி.கி., அதிகபட்சம் 0.5 மி.கி. இதயம் நின்றால் நரம்பு வழியாக 1 மி.கி. இரண்டும் ஒரே பெயரில் ஒரே அட்டவணையில் இருக்கும். அட்ரினலின் போடவில்லை என்பதற்காக அனாபிலாக்சிஸ் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். போட வேண்டிய பலருக்குப் போடாமல் விட்டிருப்பார்கள்.

ஆஸ்துமா, மூக்கழற்சி, தோலழற்சி போன்ற நீண்டகால நோய்களுக்குக் குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில் குறியீடு, கூடவே பொருத்தமான மருந்து என்று வைத்தால் பெரும்பாலான தவறுகள் குறையும். மூக்கழற்சியில் பலர் கடையில் நேரடியாக மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். அது பதிவில் வராது.

குறியீட்டுப் பதிப்பையும் கவனியுங்கள். வேர்க்கடலை அலர்ஜிக்கு அமெரிக்கப் பதிப்பில் இசட்91.010 என்று தனிக் குறியீடு உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை ஐசிடி-10-ல் அது இல்லை. ஐசிடி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அலர்ஜிக்கு அதில் தனிப் பகுதியே இருக்கிறது. ஆய்வுக் காலத்தின் நடுவில் பதிப்பு மாறினால் படத்தில் ஒரு படிக்கட்டு விழும். அது குறியீடு மாறியதால் வந்தது, நோய் கூடியதால் அல்ல.

6. லேப் முடிவும் தோல் பரிசோதனையும்

ஐஜிஇ (அலர்ஜிக்குக் காரணமான ஆன்டிபாடி) ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் எண்ணாக இருக்காது. '0.35-க்குக் கீழ்', '100-க்கு மேல்' என்று எழுத்தோடு வரும். அவசரத்தில் எண்ணாக மாற்றினால் இவை காலியாகிவிடும். அதாவது மிக அதிக அளவு உள்ளவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். மாற்றும் முன் இப்படிப்பட்ட வரிகளைத் தனியாக எடுத்துக் குறியிடுங்கள்.

ஐஜிஇ இருக்கிறது என்பதாலேயே உணவு அலர்ஜி என்று எழுதக் கூடாது. இருபது உணவுக்கு ஒரே நாளில் ரத்தம் எடுத்தால், தினமும் நிம்மதியாகச் சாப்பிடும் உணவுக்கும் ஒன்றிரண்டில் ஐஜிஇ தெரியும். அது உணர்திறன் மட்டுமே.

அலர்ஜி எதிர்வினையில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் வெளிவிடும் டிரிப்டேஸ் நொதியின் அளவுக்கு லேப் போடும் 'இயல்பு' முத்திரையை நம்பவே வேண்டாம். ஒருவரின் வழக்கமான அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். எதிர்வினையின்போது எடுத்தது அந்த எண்ணைத் தொட்டால் மாஸ்ட் செல்கள் வேலை செய்திருக்கின்றன என்று பொருள். வழக்கமாக 5 நானோகிராம் உள்ளவருக்கு 5 × 1.2 + 2 = 8. அன்று 9 வந்திருந்தால் அது முக்கியமான உயர்வு. ஆனால் பல லேப்களில் மேல் வரம்பு 11.4 என்பதால் அறிக்கையில் 'இயல்பு' என்றுதான் இருக்கும். ரத்தம் எடுத்த நேரமும் வேண்டும். எதிர்வினை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்ததுதான் நன்றாகப் பேசும். அறிக்கை வெளியான நேரத்தை எடுத்துவிடாதீர்கள், எடுத்த நேரம் வேறு கட்டத்தில் இருக்கும்.

தோல் பரிசோதனை பல இடங்களில் தாளில் எழுதி ஸ்கேன் செய்த படமாகத்தான் இருக்கிறது. கையால் ஏற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஏற்றும்போது, ஒப்பீட்டுக்காக வைக்கும் உப்புநீர்ப் புள்ளி, ஹிஸ்டமின் புள்ளி இரண்டின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். உப்புநீரைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தால் பாசிட்டிவ் என்பது வழக்கம். ஹிஸ்டமின் புள்ளியே எழும்பவில்லை என்றால் அவர் அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், அன்றைய நெகட்டிவ் எதுவும் செல்லாது.

7. குறிப்புகளைப் படிக்க வைப்பது

உணவு கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு, எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது, என்ன சாப்பிட்டார் எல்லாம் குறிப்புகளில்தான் இருக்கும். கணினியால் தேடலாம். ஆனால் 'அனாபிலாக்சிஸ்' என்ற சொல்லைத் தேடினால் என்னென்ன வரும் என்று பாருங்கள்: "அனாபிலாக்சிஸ் அறிகுறி எதுவும் இல்லை." "அனாபிலாக்சிஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாயாருக்கு விளக்கப்பட்டது." "தம்பிக்கு வேர்க்கடலையால் அனாபிலாக்சிஸ்." மூன்றிலும் இந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் முதலில் எளிய சொல் தேடல், கிடைத்த இருநூறு வரிகளைக் கண்ணால் படிப்பது, அதற்குப் பிறகே மறுப்பு, குடும்பத்தார், வருங்கால அறிவுரை இவற்றைக் கழிக்கும் விதிகள். போன வருகையின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் பழக்கமும் உண்டு. ஒரே நிகழ்வு பத்து வருகைகளில் பத்து நிகழ்வாகத் தெரியும். நிகழ்வின் தேதியை வைத்து ஒன்றாக்குங்கள்.

பெரிய மொழி மாதிரிகளை இதற்குப் பயன்படுத்தலாம், நன்றாகவே செய்கின்றன. ஆனால் மருத்துவமனையின் பாதுகாப்பான கணினிக்குள் மட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரமான வரியை அப்படியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி குறிப்பில் இருக்கிறதா என்று ஒரு சின்ன நிரலால் சரிபார்த்துவிட்டால், தானாகக் கற்பனை செய்தது சிக்கிவிடும்.

8. நூறு பேரைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டித்தான் பலர் கட்டுரை எழுதுகிறார்கள். உங்கள் விதி பிடித்தவர்களில் நூறு பேரைக் குலுக்கலில் எடுத்து, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தீர்மானிக்கட்டும். ஒத்துப்போகாதவற்றை மூன்றாமவர் தீர்க்கட்டும்.

நூறில் எண்பது சரி என்றால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 71-க்கும் 87-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த அகலம் உங்கள் கேள்விக்குப் போதுமா என்று பார்த்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

விதி பிடிக்காதவர்களிலும் ஒரு பங்கு எடுங்கள். குறிப்பாகத் தடிப்பு, 'அலர்ஜி' என்ற பொதுக் குறியீட்டோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில். இல்லையென்றால் பிடித்ததில் எத்தனை சரி என்பது மட்டும் தெரியும், எத்தனை பேரைத் தவறவிட்டீர்கள் என்பது தெரியவே தெரியாது. இன்னொன்று, விதியைத் திருத்தப் பயன்படுத்திய அதே நூறு பேரை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். கேள்வித்தாளைப் பார்த்துப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதுவது மாதிரி.

9. காலக்கோட்டைச் சரிசெய்யுங்கள்

பதிவுத் தேதி நோய் தொடங்கிய தேதி அல்ல. மூன்று வயதில் வந்த முட்டை அலர்ஜி பன்னிரண்டு வயதில் முதல் முறை வந்த மருத்துவமனையில் அன்றைய தேதியோடு பதிவாகும். 'புதிதாக வந்தது' என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் குறைந்தது ஒரு வருடமாவது அவர் இதே இடத்துக்கு வந்துபோய், அந்த நோய் பதிவாகாமல் இருந்திருக்க வேண்டும்.

காரணம் எது, விளைவு எது என்பதிலும் பதிவு ஏமாற்றும். முதல் வயதில் ஆன்டிபயாடிக் வாங்கிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ஆஸ்துமா அதிகம் என்று டேட்டா காட்டும். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஏன் கொடுத்தார்கள்? மூச்சு இரைத்தது, நெஞ்சுச் சளி என்று நினைத்தார்கள். அந்த இரைப்பே ஆஸ்துமாவின் தொடக்கமாக இருந்திருக்கலாம். மூச்சுக்கோளாறுக்காகக் கொடுத்தவற்றைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். தொடர்பு எவ்வளவு மெலிகிறது என்று பாருங்கள்.

அலர்ஜி ஊசி சிகிச்சையில் வேறொரு பொறி. வழக்கமாக அது குறைந்தது மூன்று வருடம் போகும். 'முழுதாக முடித்தவர்கள்' என்று எடுத்தால், மூன்று வருடம் விடாமல் வந்தவர்களை மட்டும் பொறுக்குகிறீர்கள். ஒத்துக்கொள்ளாமல் நடுவில் விட்டவர் கணக்கிலேயே இல்லை. தொடங்கிய நாளிலிருந்து எல்லோரையும் எண்ணுங்கள்.

அடிக்கடி வருபவருக்கு அடிக்கடி ஏதாவது பதிவாகும். வருடத்துக்கு ஒரு முறை வருபவரையும் மாதம் இருமுறை வருபவரையும் ஒப்பிடும்போது வருகை எண்ணிக்கையையும் கணக்கில் சேர்க்காவிட்டால், பார்ப்பது நோயையா வருகையையா என்றே புரியாது.

எழுதும்போது 2015-ல் வந்த ரெக்கார்ட் வழிகாட்டிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கென்றே எழுதியது அது. குறியீட்டுப் பட்டியலை முழுதாக வெளியிடச் சொல்லும், வெளியிடுங்கள்.

10. கிடைத்ததைப் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்

ஆய்வை முடித்து வைத்துவிட்டால் பட்டியல் அப்படியே அழுக்காக இருக்கும். பென்சிலினிலிருந்து தொடங்குங்கள், பலன் சீக்கிரம் தெரியும். 2018-ல் பிரிட்டனின் பொது மருத்துவர் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், பென்சிலின் அலர்ஜி என்று குறித்தவர்களுக்கு பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமி வரும் ஆபத்து 69 சதவீதமும், சி. டிஃபிசில் குடல் தொற்று ஆபத்து 26 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலில் எம்ஆர்எஸ்ஏ-வில் பாதிக்கு மேலும், சி. டிஃபிசிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் பென்சிலினைத் தவிர்த்து வேறு ஆன்டிபயாடிக் கொடுத்ததால் வந்தது.

முதலில், குறிப்பு எழுதிய தேதிக்குப் பிறகு அமாக்சிசிலினோ வேறு பென்சிலினோ வாங்கி ஒன்றும் ஆகாதவர்களைத் தேடுங்கள். அவர்கள் ஏற்கெனவே சோதனையில் தேறியவர்கள். எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் பார்க்காமல், நர்ஸ் கொடுத்ததாகப் பதிந்ததைப் பாருங்கள். எழுதிக்கொடுத்ததில் ஒரு பகுதி வாங்கப்படாமலே போகும்.

மற்றவர்களுக்கு, பென்சிலின் அலர்ஜி உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்க 2020-ல் வெளியான பென்-ஃபாஸ்ட் மதிப்பெண் உதவும். எதிர்வினை கடந்த ஐந்து வருடத்துக்குள் என்றால் 2, அனாபிலாக்சிஸோ முகவீக்கமோ கடுமையான தோல் எதிர்வினையோ என்றால் 2, சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. மூன்றுக்குக் கீழே குறைந்த ஆபத்து. அப்படிப்பட்ட பெரியவர்களுக்குத் தோல் பரிசோதனை இல்லாமல், கண்காணிப்பில் நேரடியாக மாத்திரை கொடுத்துப் பார்ப்பது தோல் பரிசோதனை வழியைவிட மோசமில்லை என்று 2023-ல் பேலஸ் என்ற ஆய்வு காட்டியது. கணினி மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தரலாம். முடிவை நோயாளியிடம் நேரில் பேசி மருத்துவர்தான் எடுக்க வேண்டும். தோல் உரிந்து கொப்புளம் வந்தவர், உள்ளுறுப்பு பாதித்தவர் இந்தப் பட்டியலுக்குள்ளேயே வரக் கூடாது. மதிப்பெண் போடும் முன்பே அவர்களைக் கழித்துவிடுங்கள்.

தேறியவரின் வரியை அழிக்காதீர்கள். 'மறுக்கப்பட்டது' என்று மாற்றி, எந்தத் தேதியில் எந்த மருந்து எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுங்கள். அழித்துவிட்டால் அடுத்த முறை பதிவு மேசையில் அவரே பழைய பழக்கத்தில் "பென்சிலின் ஆகாது" என்பார், நர்ஸ் மறுபடி ஏற்றிவிடுவார். மறுக்கப்பட்ட வரி திரையில் நின்றால் அவருக்கு விஷயம் தெரியும். நோயாளி கையிலும் ஒரு கடிதம் கொடுங்கள், மருந்துக் கடைக்கும் குடும்ப மருத்துவருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

எச்சரிக்கைப் பெட்டிகளையும் இதே வேளையில் குறைக்க வேண்டும். மருந்து அலர்ஜி எச்சரிக்கைகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் மருத்துவர்கள் தள்ளிவிட்டுப் போவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குமட்டலுக்கும் அனாபிலாக்சிஸுக்கும் ஒரே சிவப்புப் பெட்டி வந்தால் யார்தான் படிப்பார்கள்? பக்கவிளைவு என்று பிரித்தவற்றுக்குப் பெட்டியை நிறுத்துங்கள். பென்சிலின் குறிப்புக்கு, அதன் உறவுக் குடும்பமான செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் தடுக்கும் பழைய விதி இருந்தால் மருந்துக் குழுவோடு உட்கார்ந்து மாற்றுங்கள். அந்தக் குடும்பத்துச் செஃபசோலினின் பக்கச்சங்கிலி (மூலக்கூறின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதி) எந்தப் பென்சிலினோடும் ஒத்துப்போகாது, செஃபலெக்சினுடையது ஆம்பிசிலினோடு ஒத்துப்போகும். விதி இந்த வேறுபாட்டின்படி இருக்க வேண்டும், குடும்பப் பெயரின்படி அல்ல.

ஆறு மாதம் கழித்து ஒரு குவெரி ஓட்டுங்கள்: 'மறுக்கப்பட்டது' என்று மாற்றியவர்களில் எத்தனை பேருக்குப் புதிதாக அதே மருந்து மறுபடி ஏறியிருக்கிறது? ஒவ்வொருவருக்கும் யார், எந்த மேசையில், எந்தத் தேதியில் ஏற்றினார்கள் என்றும் எடுங்கள். நான் முதல் முறை ஓட்டியபோது பாதிக்கு மேல் ஒரே மேசையிலிருந்து வந்திருந்தன. அந்த மேசையின் திரையில் மறுக்கப்பட்ட வரிகள் தெரியாதபடி அமைப்பு இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது.